நட்டதை மிதிக்காதவள்

ஆறுமுகத்தாய்க்குக் கோபம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பான் அவள் புருஷன் மாடக்கண்ணு. அது அவன் செய்யும் அநியாயம். அவளுக்குக் கோபம் காரணத்தோடுதான் வரும். ரேஷன் கடைக்காரர் பருப்பு வந்ததை நாலு வீட்டுக்கு மட்டும் சொன்னால் வரும். கை காட்டுவது பெண்கள் என்றால் மினி பஸ்காரன் பார்க்காதது மாதிரி போவதைக் கண்டால் வரும். நடவுக்கு வரச் சொல்லிவிட்டு, தொளிச் சேறு கலக்காமல் வயலைப் போட்டு வைத்திருக்கிறவரைக் கண்டால் வரும். காரணங்கள் ஊரில் மலிந்து கிடந்தால் அவள் என்ன செய்வாள்? நாற்பத்தேழாவது வயதில் அந்தக் கோபத்துக்கு ஒரு புது வாசல் திறந்தது. அவள் கைபேசியில் விளையாட ஆரம்பித்தாள்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் சின்ன ஊர் அவளுடையது. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த நடவு செட்டுக்கு அவள்தான் தலைவி. கார், பிசானம் என்ற இரண்டு போகத்துக்கும் நாலு ஊர் வயல் அவர்கள் கையால்தான் பச்சையாகும். வரிசை கோணாது. நாற்று சாயாது. நட்டு முடித்த வயலில் ஒரு காலடிப் பள்ளம் தெரியாது. “ஆறுமுகத்தா செட்டு நட்டதா? அப்ப வரப்புல போய் நின்னு பாக்க வேண்டாம்” என்று வயல்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அவளுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்த ஒரு பேச்சுதான் முப்பது வருஷத்தில் அவள் சேர்த்த சொத்து.

மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் மகன் பெருமாள்ராஜ் விடுமுறைக்கு வந்துவிட்டுப் போகும்போது தன் பழைய போனை அவளிடம் கொடுத்தான். கொடுத்தவன் சும்மா இருக்காமல் அதில் ஒரு பண்ணை விளையாட்டையும் ஏற்றி வைத்தான். “உனக்குத் தெரிஞ்ச வேலைதானம்மா, பொழுது போவும்” என்றான். அந்தப் பிள்ளை நல்லது நினைத்துத்தான் சொன்னான்.

மூன்றாம் நாள் களையெடுப்பில் அவள் வாய் திறந்தாள்.

“ஏளா, அந்தப் போனுல உள்ள காட்டுல ஒரு கூலியாளு கிடையாது பாத்துக்கோ. தொப்பி போட்ட ஒருத்தன் மட்டும் நிக்கான். உழுததும் அவன், விதைச்சதும் அவன், அறுத்ததும் அவன். நூறு ஏக்கர்! விதைச்சு ரெண்டு நிமிசத்துல கதிரு வந்துட்டு. நமக்கு அம்பை பதினாறு நெல்லே நூத்திப் பத்து நாளு எடுக்கும்.”

“வந்தா நல்லதுதானக்கா. குனியாம அறுத்துட்டுப் போவலாம்” என்றாள் முத்துராணி. செட்டில் ஆறுமுகத்தாய்க்கு அடுத்து நிற்பவள். அவளை எதிர்த்துப் பேசும் தைரியம் உள்ளவளும் அவள் ஒருத்திதான்.

“மாடு ஒண்ணு நிக்கி. கன்னுக்குட்டி கிடையாது, பாலு மட்டும் கொடம் கொடமா வருது. அது போவட்டும். வந்ததுலேருந்து தின்னுக்கிட்டே இருக்கு, ஒரு நாளு சாணி போட்டதில்ல. அதுக்கு வவுத்துல என்ன நோவோ, எவனாச்சும் கேட்டானா?”

பதினோரு பெண்களும் களையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த மாட்டைப் பற்றி அவளுக்கு உண்மையாகவே கவலை இருந்தது. அதோடு அந்த விளையாட்டு அவளை மிரட்டவும் செய்தது. சோறு வடிக்கும்போது போன் கூவும். எடுத்துப் பார்த்தால், ‘உங்கள் பயிர்கள் அழுகின்றன, உடனே வாருங்கள்’ என்று இருக்கும். “நான் வச்ச பயிரு என்னைக்குடா அழுதிருக்கு?” என்று அவள் அடுப்படியிலிருந்து போனைப் பார்த்துக் கத்துவதை மாடக்கண்ணு கேட்டிருக்கிறான்.

“ஏட்டி, கோட்டியா புடிச்சிருக்கு உனக்கு? பிடிக்கலன்னா தூக்கிப் போடு” என்றான்.

“தூக்கிப் போட்டா இதைச் செஞ்சவனுக்கு யாரு சொல்லுவா?”

தூக்கிப் போடவில்லை. மாறாக, ஒன்று போய் நாலானது. பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை இறக்கினாள். மலைப் பாதையில் வளைந்து வளைந்து போகும் பஸ். பாபநாசம் மேலணைக்குப் போகிற மாதிரியே இருக்கிறதென்று முதல் நாள் அவளுக்கு அதன் மேல் ஆசையாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் நடுவழியில் ஒரு கிழவி சாக்கு மூட்டையோடு நின்றாள். ஆறுமுகத்தாய் நிறுத்தினாள். கிழவி ஏறவில்லை, அசையவும் இல்லை. ஆனால் நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தியதற்காக விளையாட்டு ஐம்பது மார்க்கைக் கழித்துவிட்டது.

“கிழவிய வெயில்ல வுட்டுட்டுப் போனா மார்க்கு. ஏத்த நின்னா தெண்டம்” என்று அவள் மறுநாள் வயலில் பொரிந்தாள். “இதைப் படிச்சுட்டுத்தான் நம்ம மினி பஸ்காரன் வண்டியெடுக்க வந்திருக்கான். இப்பல்லா தெரியுது!”

ஓட்டல் நடத்தும் விளையாட்டில் வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்த எட்டு வினாடியில் முகம் சிவந்து எழுந்து போனார்கள். எட்டு வினாடியில் எந்த ஊரில் தோசை வேகும்? அவள் பொறுமையாக எண்ணிப் பார்த்தாள். கல் காயவே காணாது. “தின்ன வந்தவனுக்கு இவ்வளவு கொழுப்பு இருக்கக் கூடாது. கடைக்காரி ஒருத்தியே சமைக்கா, பரிமாறுதா, பாத்திரமும் அவதான் கழுவுதா. ஒருத்தன் எந்திரிச்சுத் தண்ணி மோந்து குடிக்க மாட்டேங்கான்” என்று சொல்லி, அத்தனை பேரையும் பட்டினி போட்டுவிட்டு அந்த ஓட்டலை அவள் மூடினாள்.

முத்துராணியின் போனில் ஒரு துப்பாக்கி விளையாட்டு இருந்தது. அதையும் விட்டுவைக்கவில்லை. வானத்திலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு தீவில் குதித்தாள். மற்றவர்கள் துப்பாக்கி தேடி ஓடினார்கள். ஆறுமுகத்தாய் ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள். பிறகு அடுத்த வீடு. அதற்கும் அடுத்த வீடு. நாலாவது வீட்டில் நின்றுகொண்டிருக்கும்போது முதுகில் சுட்டுவிட்டார்கள்.

“யக்கா, அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு நின்ன?”

“அடுப்பைத் தேடினேன். நாலு வீடு போயிட்டேன், ஒரு வீட்டுலயும் அடுப்பு இல்ல, பானை இல்ல, குளிக்க ஒரு வாளி இல்ல. கட்டிலு மட்டும் கிடக்கு. அந்த வீட்டு ஆளுவல்லாம் எங்க போனாவ? அவியள என்ன செஞ்சானுவ? அதைக் கேக்காம எவன எவன் சுடணும்னு ஓடுதானுவ, செத்த மூதிவ.”

இப்படி ஒரு பிசானம் முழுக்க செட்டுக்கு அவள் கோபம்தான் பாட்டாக இருந்தது. குனிந்த இடுப்பு வலி தெரியாமல் இருந்ததென்று முத்துராணியே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆனால் பதினோரு பேரிடம் சொல்லி ஆறுமுகத்தாய்க்கு ஆறவில்லை. குற்றம் செய்தவன் காதில் விழ வேண்டும். விளையாட்டை இறக்குகிற இடத்தில் நட்சத்திரம் போடலாம், கருத்துச் சொல்லலாம், எழுத வராவிட்டால் மைக் படத்தை அழுத்திப் பேசினாலே எழுத்தாகிவிடும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை மாடக்கண்ணு அதற்கு முன் பார்த்ததில்லை.

‘மாடு சாணி போட மாட்டேங்குது. கன்னு இல்லாம பாலு கறக்கீங்க. கூலி ஆளு இல்லாம நூறு ஏக்கர் நடக்குது. இதைச் செஞ்சவன் வயல்ல காலு வச்சவன் இல்ல. ஒரு நட்சத்திரம் போடுதேன், அதுவும் வானத்துப் படம் நல்லா இருக்கதுக்காக. இப்படிக்கு ஆறுமுகத்தாய், நடவு செட்டு, அம்பாசமுத்திரம்.’

அவள் எதற்கும் பெயரை ஒளிக்கிறவள் இல்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் மாசி மாதம் ஒரு கார் அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. இறங்கியவன் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, கண்ணாடி போட்ட ஆள். பெயர் சுந்தர்ராமன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவன். பெங்களூரில் பத்து வருஷம் விளையாட்டுகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து ஆறு பேரோடு தானே ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைவதுதான் கதை.

“மாடு சாணி போடலைன்னு எழுதினது நீங்கதானேம்மா?” என்று கேட்டான்.

“ஆமா. ஏன், போட்டுட்டா?”

அவன் சிரித்துவிட்டு, தங்கள் விளையாட்டில் மாடு கட்டாயம் போடும் என்று வாக்குக் கொடுத்தான். மடை உண்டு, தண்ணீர் முறை உண்டு, கூலியாட்கள் உண்டு. நடவு மட்டும் யாருக்கும் சரியாக வரவில்லை. அதை அவள்தான் செய்து காட்ட வேண்டும். உடம்பில் கருவி கட்டி அவள் அசைவை அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

“என் பேரு வருமா?”

“முகமே வரும்மா. கீழே பேரும் வரும். ‘ஆறுமுகத்தாய் காட்டிய நடவு’ன்னு.”

அடுத்த வாரம் அவள் சொல்லாத வீடு ஊரில் இல்லை.

சித்திரையில் அவளை வரச் சொன்னார்கள். வயலெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்த மாதம். அதனால் மாடியிலேயே பச்சைக் கம்பளம் விரித்து வைத்திருந்தார்கள். மாதுரி என்ற பெண் அவளுடைய சேலைக்கு மேலே, கணுக்கால், முட்டு, இடுப்பு, மணிக்கட்டு என்று பதினேழு பட்டைகளைக் கட்டிவிட்டாள். நாற்றுக்கு எங்கே போவது? கடையில் மல்லித்தழைக் கட்டு வாங்கி வந்து கையில் கொடுத்தார்கள். ஆறுமுகத்தாய் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, குனிந்தாள். இடது கையில் மல்லி. வலது கை மூன்று தாளாகப் பிரித்து, இறக்கி, பெருவிரலால் ஒரு குத்து. ஒரு எட்டுப் பின்னால். மறுபடி குத்து. ஒரு எட்டுப் பின்னால். சுவரில் முதுகு முட்டும் வரைக்கும் போய், மறுபடி முதலிலிருந்து. அரை நாளில் அந்தக் கம்பளத்தில் அரை ஏக்கர் நட்டிருப்பாள். வீட்டுக்கு வந்தபோது சேலையெல்லாம் மல்லி வாசனை.

ஆனி கடைசியில், கார் நடவு தொடங்கிய சமயத்தில், விளையாட்டின் முன்னோட்டத்தை அவள் போனுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை எல்லோருக்குமாக வெளியிடப் போகிறோம், அதற்கு முன் நீங்கள் பாருங்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை அது. அன்று அப்பாத்துரை அண்ணாச்சியின் வயலில் வேலை. கஞ்சி குடித்த கையோடு பன்னிரண்டு பேரும் வரப்பில் கூடிவிட்டார்கள். அண்ணாச்சியும் வந்து எட்டிப் பார்த்தார். போனில் மலை வந்தது. அச்சு அசலாக அவர்கள் மலை. ஆறு வந்தது. மாடு வந்தது, நின்றது, சாணி போட்டது. ஆறுமுகத்தாய் ஒரு முறை தலையை ஆட்டினாள்.

பிறகு அவளே வந்தாள். அதே சட்டை, அதே துண்டு, அதே மூக்குத்தி. கீழே பெயர். எல்லோரும் ‘ஓ’வென்று கத்தினார்கள். முத்துராணி திரையில் பெருவிரலை வைத்துத் தள்ளினாள். போனுக்குள் இருந்த ஆறுமுகத்தாய் குனிந்தாள், நட்டாள், ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

முன்னால்.

மறுபடி நட்டாள். நட்ட நாற்றின் மேலேயே காலை வைத்து அடுத்த எட்டு நடந்தாள். அப்படியே வயல் முழுவதும் நட்டதையெல்லாம் மிதித்துக்கொண்டு, அந்தக் கரை வரைக்கும் ஜோராகப் போனாள்.

நெல் வயலில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், நடுகிறவள் பின்னால்தான் நடப்பாள் என்று. நட்டது முன்னால் நிற்க, வெறும் தொளிக்குள் கால் போகும். நட்ட பயிரில் மிதிக்கிறவளை எந்தச் செட்டும் வரிசையில் விடாது.

“யக்கா” என்றாள் முத்துராணி மெதுவாக, “கையப் பாரு. நீ நடுதியா, பிடுங்குதியா?”

ஆறுமுகத்தாய் உற்றுப் பார்த்தாள். குத்து கீழே இறங்கும்போது இல்லை. மேலே வரும்போது ஒரு வெட்டு வெட்டியது. அது நாற்றங்காலில் நாற்றுப் பறிக்கிற கை. அவள் பெயரைப் போட்டு, அவள் மூக்குத்தியைப் போட்டு, நட வந்த வயலில் அவளைப் பிடுங்கவிட்டிருந்தார்கள்.

அப்பாத்துரை அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். “ஆறுமுகத்தா, அடுத்து மேலவயலுக்கு வரும்போது காலைக் கழத்தி வரப்புல வச்சிட்டு எறங்கு, என்ன?”

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் சாயங்காலத்துக்குள் அது டீக்கடைக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் மினி பஸ்காரன், அவள் கை காட்டியதும் நிறுத்தி, “பின்படி வேண்டாம், முன்படியில ஏறுங்க, நீங்க முன்னாலதான நடப்பீங்க” என்றான். முப்பது வருஷப் பேச்சு ஒரே நாளில் திரும்பிக் கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அது ஊர் உலகத்துக்கே போய்விடும். இவ்வளவு நாளும் அடுத்தவன் விளையாட்டைத் திட்டினாள். அவனுக்குத் தெரியாது என்று சொல்ல முடிந்தது. இது அவளே காட்டியது என்று எழுதியிருக்கிறதே!

நேராகப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். முன்படியில் அல்ல, பின்படியில்.

மாடியில் சுந்தர்ராமன், மாதுரி, பிறகு அசைவுகளைக் கணினியில் சரிபார்க்கும் ஹெப்ரான் என்ற பையன், எல்லோரும் இருந்தார்கள். நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

“என்னய முன்னால நடக்க வச்சது யாரு?”

ஹெப்ரான் எழுந்து நின்றான். சாத்தான்குளத்துக்காரன். இருபத்தைந்து வயது இருக்கும். “நான்தாம்மா. நீங்க பின்னால போற மாதிரி பதிவாயிருந்துச்சு. கருவிதான் தலைகீழாப் பதிஞ்சிருக்குன்னு நினைச்சு… கடைசியிலேருந்து முதலுக்குத் திருப்பிப் போட்டுட்டேன்.”

“திருப்பிப் போட்டியா?”

“எங்க ஊர்ல பனைதாம்மா. நான் நடவு பாத்ததில்ல.”

“உங்க ஊரு பனையேறி கலயம் நெறைய பதநியோட இறங்குதத நான் படம் புடிச்சு, திருப்பிப் போட்டு, ஏறும்போதே கலயம் நெறஞ்சிருக்குன்னு சொன்னா நீ ஒத்துக்குவியா லே?”

“மாட்டேம்மா.”

“பிறவு?”

அவன் கணினிப் பக்கம் திரும்பினான். தப்பை ஒத்துக்கொண்டவனை மேலே அடிப்பது அவள் வழக்கமில்லை. “போடு. நான் நட்டது எப்படியோ அப்படிப் போடு” என்றாள். அவன் கணினியில் ஏதோ ஒன்றை அழுத்தினான்.

பெரிய திரையில் ஆறுமுகத்தாய் குனிந்து நட்டாள். ஒரு எட்டுப் பின்னால். கை இறங்கியது, குத்து விழுந்தது, வெறுங்கையாக மேலே வந்தது. ஒரு எட்டுப் பின்னால். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. அதைச் செய்கிறவளை அவள் அன்றைக்குத்தான் எதிரில் நின்று பார்க்கிறாள். எவ்வளவு வேகம். இடுப்பு நிமிராமலேயே போய்க்கொண்டிருந்தது. இடது முட்டு ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் வெளியே போய் வந்தது. அது அவளுக்கே தெரியாது. இத்தனை வளைந்த ஒரு முதுகைப் பார்த்த பிறகும் ஒருத்தனுக்கு இது தலைகீழ் என்று தோன்றியிருக்கிறதே என்று அவளுக்கு அடங்கிக்கொண்டிருந்த கோபம் மறுபடி ஏறியது.

“இதைத்தான் போடணும்” என்றாள்.

சுந்தர்ராமன் அவளைத் தனியாக அழைத்துப் பேசினான். தவறு தங்களுடையதுதான் என்றான். ஆனால் விளையாட்டு முழுவதையும் முன்னால் நடப்பதாக வைத்தே கட்டிவிட்டார்கள். நாற்பது பேரிடம் கொடுத்துச் சோதித்தாயிற்று. பெருவிரலை மேலே தள்ளினால் ஆள் முன்னால் போக வேண்டும். அதுதான் உலகம் முழுக்கப் பழக்கம். பின்னால் போனால் போன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். வெள்ளிக்கிழமை தேதி சொல்லியாகிவிட்டது.

“ஒண்ணு செய்யலாம்மா. உங்க பேரை எடுத்துடறோம். முகத்தையும் மாத்திடறோம். அது ஒரு மணி நேர வேலை. உங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வராது.”

அவள் கேட்க வந்ததே ஏறக்குறைய அதுதான். பஸ்ஸில் வரும்போது, ‘என் பேரை எடுத்துரு’ என்று சொல்லத்தான் வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் இவ்வளவு சுளுவாக அதை நீட்டியதும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

“பேரை எடுத்தா அவ பின்னால நடப்பாளா?”

“இல்லம்மா. அது அப்படியேதான் இருக்கும். ஆனா அது நீங்க இல்லையே.”

“அப்ப எவளோ ஒருத்தி மிதிச்சுக்கிட்டே போவா. உலகம் பூராவும் பாத்துட்டு, இங்கன உள்ள பொம்பளையளுக்கு நடவே தெரியாதும்பான். எவ அவன்னு கேட்டா ஆளும் இருக்காது.”

“அம்மா, இது விளையாட்டுதானே.”

அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்கக் கூடாது. மாதுரி அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“விளையாட்டுதானன்னா என்னத்துக்கு சார் பதினேழு பட்டையக் கட்டி என்னய அளந்தீங்க? என் மூக்குத்தியக் கூட விடாம எடுத்தீங்களே! மாடு சாணி போடணும்னு எம் பேச்சக் கேட்டீங்க, போட்டுது. மாட்டுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? பேரை எடுக்காதீங்க. அது அங்கனயே கிடக்கட்டும். ஒண்ணு, காலைத் திருப்பிப் போடுங்க. இல்லன்னா வெள்ளிக்கிழமை எம் பேரோட அவ மிதிச்சுக்கிட்டுப் போவட்டும். சிரிக்கவன் சிரிக்கட்டும். நான் உசுரோட இருக்கேன், எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லுதேன். பேரு இல்லாட்டா பதில் சொல்ல யாரு இருக்கா?”

அவர்கள் கொண்டுவந்த காப்பியைக் குடிக்காமல் இறங்கிப் போனாள்.

அந்த நாலு நாளும் அவளுக்கு நன்றாகப் போகவில்லை. செட்டில் யாராவது இருமினால்கூடச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். “சவத்த விடுட்டி, ஒரு போன்ல வாரதுக்குப் போயி” என்ற மாடக்கண்ணுக்கு இரண்டு நாள் பேச்சு இல்லாமல் போயிற்று. ஆனால் மூன்றாம் நாள் டீக்கடையில் எவனோ அந்த முன்படிப் பேச்சை எடுத்தபோது, அதே மாடக்கண்ணு டீ கிளாஸை டொக்கென்று வைத்துவிட்டு, “நீ ஒரு வரிசை நட்டுட்டுப் பேசு லே” என்றானாம். அதை முத்துராணி வந்து சொன்னாள். அன்றைக்குப் புருஷனுக்கு மீன்குழம்பு வைத்தாள்; பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மேலவயலில் நடவு. கஞ்சி வேளையில், தொளி அப்பிய கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, முத்துராணிதான் விளையாட்டைத் திறந்தாள். ஆறுமுகத்தாய் பார்க்க மாட்டேன் என்று ஆற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“யக்கா.”

“என்ன?”

“பின்னாலதான் போற.”

அவள் போனைப் பிடுங்கினாள். பெயர் இருந்தது. மூக்குத்தி இருந்தது. கை இறங்கி, குத்தி, வெறுங்கையாக ஏறியது. ஒரு எட்டுப் பின்னால். அவளுக்கு முன்னால் பச்சை வரிசை கோணாமல் நீண்டுகொண்டே போனது. இடது முட்டுகூட வெளியே போய் வந்தது. நாலு நாளில் அத்தனையையும் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். ஆறுமுகத்தாய் மூன்று வயல் விளையாடினாள். வாயைத் திறக்கவில்லை. செட்டுக்கே அது அதிசயமாக இருந்தது.

அப்போது சுந்தர்ராமன் கூப்பிட்டான். அவன் குரலில் தூக்கம் இல்லாதது தெரிந்தது.

“பாத்தீங்களாம்மா?”

“பாத்தேன். சரியாத்தான் இருக்கு.”

“கருத்து எழுதற இடத்தையும் பாருங்க” என்றான். “நான் அன்னிக்கே சொன்னேன். நீங்க பதில் சொல்றேன்னு சொன்னீங்க. சொல்லுங்க. நீங்க பேசி அனுப்பினா மாதுரி ஒரு எழுத்தும் மாத்தாம கீழே போட்டுடுவா.”

அவள் போய்ப் பார்த்தாள். காலையிலிருந்து முப்பத்தோரு பேர் எழுதியிருந்தார்கள். ‘நடும் பெண் பின்னோக்கி நகர்கிறாள். பிழை. சரிசெய்யவும்.’ ஒரு நட்சத்திரம். ‘மலை சூப்பர், மாடு சூப்பர், அந்தம்மா மட்டும் ரிவர்ஸில் போகுது, யாருமே சோதிக்கலையா?’ இரண்டு நட்சத்திரம். ‘முன்னாடி தள்ளினா பின்னாடி போறாங்க. விளையாட்டைச் செஞ்சவருக்கு விவசாயம் தெரியாது.’ ஒரு நட்சத்திரம்.

“தெரியாதா?” என்றாள் ஆறுமுகத்தாய். சுற்றியிருந்தவர்களின் கை கஞ்சித் தூக்கிலேயே நின்றது. “எனக்கா தெரியாது? ஏளா, இவன் எந்த ஊருக்காரன்? சோத்தைத்தான திங்கான்? அது எப்படி அவன் தட்டுக்கு வந்துதுன்னு நினைச்சான்?”

மைக்கை அழுத்தினாள். முதல் ஆளுக்குச் சொன்னாள். இரண்டாம் ஆளுக்கு அதைவிட நீளமாகச் சொன்னாள். மூன்றாம் ஆளுக்குச் சொன்னதை மாதுரி எப்படி ஒரு எழுத்தும் மாற்றாமல் போடப் போகிறாளோ என்று முத்துராணி வாயைப் பொத்திக்கொண்டாள். கஞ்சித் தூக்கைக் கழுவினார்கள். ஒவ்வொருத்தியாக வயலில் இறங்கினார்கள். வரிசையில் ஆறுமுகத்தாயின் இடம் மட்டும் காலியாக இருந்தது. வரப்பில் அப்பாத்துரை அண்ணாச்சியின் குடை தெரிந்தது.

“யக்கா, அண்ணாச்சி வாராரு. எறங்கு.”

“வரட்டும். எட்டுப் பேருக்குத்தான் சொல்லியிருக்கேன், இன்னும் இருபத்து மூணு பேரு நிக்கானுவ” என்று சொல்லி, அவள் ஈரம் காயாத பெருவிரலால் மறுபடியும் மைக்கை அழுத்தினாள். “ஏலே, பேரு போடாத பயலே. நீ சொன்னபடி முன்னால போறேன், சரி. நட்டு முடிச்சு அடுத்த எட்டு வைக்கும்போது உங்காலு எங்கன விழும்? அதை மட்டும் சொல்லு. நான் இங்கனதான் இருக்கேன்.”